கோனி டாக்: மிச்சிகன் சில்லி ஹாட் டாக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெட்ராய்ட் பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ வந்து இறங்கும் நம்மவர்கள் முதல் வாரத்திலேயே ‘கோனி ஐலண்ட்’ என்ற பலகையைப் பார்த்துவிடுவார்கள். பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில், மருந்துக்கடைக்கு எதிரில், நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் என்று எங்கு பார்த்தாலும் அதே பெயர். இது என்ன ஒரே கம்பெனியா, உள்ளே நமக்கு என்ன கிடைக்கும், அந்த சாஸை வீட்டில் செய்ய முடியுமா என்று புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதற்கான பதில்கள் இங்கே. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோனியில் விஷயமே சாஸ்தான். சாசேஜும் பன்னும் அதை வாய்க்குக் கொண்டுபோக ஒரு சாக்கு.

கோனி டாக் என்றால் சரியாக என்ன?

ஆவியில் மிருதுவாக்கிய பன், அதற்குள் தட்டையான இரும்புக் கல்லில் வாட்டிய சாசேஜ். அதன் மேல் பீன்ஸ் சேர்க்காத, மணல் மணலாக அரைத்த மாட்டுக்கறி சாஸ். அதற்கு மேல் மஞ்சள் மஸ்டர்ட், அதாவது கடுகு சாஸ், ஒரு கோடு, கடைசியில் பொடியாக நறுக்கிய, வதக்காத வெங்காயம் ஒரு கைப்பிடி. டெட்ராய்ட் கணக்குப்படி இவ்வளவுதான். கடையில் ‘எல்லாம் போட்டு’ என்று சொன்னால் இந்த மூன்றும் வரும். சீஸ் வேண்டுமானால் தனியாகக் கேட்க வேண்டும்.

சில்லி சாஸ் என்றால் ரொம்பக் காரமாக இருக்குமா?

இருக்காது. நம் ஊர் நாக்குக்குக் காரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பாட்டிலில் வரும் சிவப்பு மிளகாய் சாஸுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. இங்கே சில்லி என்பது டெக்சாஸ் வழியில் வந்த கறிக் குழம்பு. மிளகாயை விடச் சீரகமும் ஓரிகானோவும்தான் அதில் முன்னால் நிற்கும். முதல் வாய் சாப்பிட்டுவிட்டு ‘என்னப்பா, சப்பென்று இருக்கிறது’ என்று முகம் சுளிக்காதவர்கள் நம்மில் குறைவு. காரத்தைத் தேடாமல் கறியின் ருசியையும், மஸ்டர்டின் புளிப்பையும், வெங்காயத்தின் உறைப்பையும் ஒரே கடியில் பிடித்துப் பாருங்கள். அப்போதுதான் பிடிபடும்.

கோனி ஐலண்ட் நியூயார்க்கில்தானே இருக்கிறது? மிச்சிகனுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

நியூயார்க் கடற்கரையில் இருக்கும் கோனி ஐலண்டில் இந்த சாஸைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். ரொட்டிக்குள் சாசேஜ் வைத்து விற்றதால் அந்த ஊருக்குப் பெயர் கிடைத்தது. ஜெர்மனியிலிருந்து வந்த சார்லஸ் ஃபெல்ட்மன் 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே அந்த வியாபாரத்தைப் பெரிதாக்கிவிட்டார். பிறகு வந்த கிரேக்கர்களும் மாசிடோனியர்களும் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கி, அந்தப் புகழைக் கேட்டுக்கொண்டு, மேற்கே ரயிலேறினார்கள். புது ஊரில் கடை போட்டபோது ஊரறிந்த அந்தப் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டார்கள். அதனால் எல்லாம் ஒரே கம்பெனி கிடையாது, பெயர் மட்டும்தான் ஒன்று.

அவர்கள் ஏன் மிச்சிகனுக்கு வந்தார்கள் என்பதற்குப் பதில் கார்தான். 1912, 1913இல் நடந்த பால்கன் போர்கள் வடக்கு கிரேக்கத்தையும் மாசிடோனியாவையும் கலைத்துப் போட்டன. அதே நேரத்தில் இங்கே கார்த் தொழிற்சாலைகள் ஆள் கிடைக்காமல் தவித்தன. 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு நாளொன்றுக்கு 5 டாலர் சம்பளம் என்று அறிவித்தார். 1910இல் 4.65 லட்சமாக இருந்த டெட்ராய்ட் மக்கள்தொகை 1920இல் 9.9 லட்சத்தைத் தாண்டியது. பத்தே ஆண்டில் இரண்டு மடங்கு. இவ்வளவு பேருக்கும் மலிவாக, சூடாக, ஷிஃப்ட் மணி அடிப்பதற்குள் நின்றபடியே சாப்பிட்டு முடிக்கிற மாதிரி ஏதாவது வேண்டுமே. வண்டி வைத்து விற்ற கிரேக்கர்கள் சீக்கிரமே கடைக்காரர்கள் ஆனார்கள்.

சாஸ் எப்படிப் பிறந்தது என்பதற்கு ஒப்புக்கொள்ளக்கூடிய விளக்கம் ஒன்று உண்டு. கிரேக்க வீடுகளில் கொத்துக்கறியை வெங்காயமும் மசாலாவும் சேர்த்துச் சுண்டவைக்கும் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. டெக்சாஸில் வில்லியம் கெப்ஹார்ட் 1890களிலேயே மிளகாய்த்தூள் கலவையைப் புட்டியில் அடைத்து விற்க ஆரம்பித்திருந்தார். இரண்டும் அமெரிக்க நடுமேற்கில் ஒரே சட்டிக்குள் விழுந்தன.

யார் முதல் என்று மட்டும் கேட்காதீர்கள். மிச்சிகனின் ஜாக்சன் நகர ரயில் நிலையத்துக்கு அருகே ஜார்ஜ் டோடோரோஃப் 1914இல் கடை திறந்தார். அதே ஆண்டு பக்கத்து இந்தியானாவில் ஃபோர்ட் வெய்ன் நகரிலும் ஒரு கோனி கடை வந்தது, இன்றும் நடக்கிறது. டெட்ராய்ட்காரர்கள் 1917 என்று சொல்லிவிட்டு, அதுதான் அசல் என்பார்கள்.

லஃபாயெட்டா, அமெரிக்கனா?

டெட்ராய்டில் கால் வைத்த நாளிலிருந்து எல்லோரும் கேட்கும் கேள்வி. நகர மையத்தில் ஒரே நடைபாதையில், சுவரோடு சுவராக நிற்கும் இரண்டு கடைகள் இவை. கான்ஸ்டன்டைன் ‘கஸ்ட்’ கெரோஸ் ஆரம்பித்தது அமெரிக்கன் கோனி ஐலண்ட். அவருடைய தம்பி வில்லியம் பக்கத்திலேயே நடத்தியது லஃபாயெட். அண்ணன் தம்பி சண்டை என்று ஊர் சொல்லும். ‘சண்டையெல்லாம் இல்லை, வியாபாரம் பெருகியதால் இரண்டாவது கடை’ என்று சொல்பவர்களும் உண்டு. அமெரிக்கன் இன்னும் கெரோஸ் குடும்பத்தின் கையில் இருக்கிறது. லஃபாயெட்டை 1990களின் ஆரம்பத்தில் அங்கே வேலை பார்த்தவர்களே வாங்கிக்கொண்டார்கள்.

அமெரிக்கன் பளிச்சென்று, விசாலமாக, கொடி நிறத்தில் இருக்கும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு வசதி. லஃபாயெட் ஒடுக்கம், பழைய மேசை, கவுண்டரை ஒட்டிய ஸ்டூல்கள். அங்கே பார்க்க வேண்டியது பரிமாறுகிறவரின் கையை. ஆர்டரைத் தாளில் குறிக்க மாட்டார். கவுண்டரைப் பார்த்து ஒரு குரல், அவ்வளவுதான். பிறகு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தட்டுகளை ஒன்றன் விளிம்பில் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வந்து, ஒரு வெங்காயத் துண்டு சிந்தாமல் இறக்கி வைப்பார். வாக்குவாதத்தில் மாட்டிக்கொள்ளாமல், இந்தக் கடையில் ஒன்று அந்தக் கடையில் ஒன்று என்று சாப்பிட்டுவிடுங்கள். ஒரு கோனி யாருக்கும் வயிறு நிறைக்காது. என்னைக் கேட்டால் டெட்ராய்டுக்குள் லஃபாயெட். ஆனால் என் ஓட்டு டெட்ராய்டுக்கே இல்லை.

பிறகு எந்த ஊருக்கு?

ஃபிளின்ட். டெட்ராய்டிலிருந்து வடமேற்கே ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் வரும், ஜெனரல் மோட்டார்ஸ் 1908இல் பிறந்த ஊர். அங்கே சாஸ் கிட்டத்தட்ட உலர்ந்திருக்கும். குழம்பு கிடையாது, தக்காளியும் கிடையாது. சாசேஜ் மேல் போட்டால் உதிரி உதிரியாக நிற்கும், பன் கடைசி வரை நனையாது. டெட்ராய்ட் கோனியை ஐந்து நிமிடம் வைத்திருந்தால் பன் கரைந்துவிடும். ஃபிளின்ட் கோனியை ஷிஃப்டுக்கு நடந்துகொண்டே சாப்பிடலாம்.

அந்த ஊர்க்காரர்களுக்குச் சாசேஜிலும் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆல்பர்ட் கோகல் என்ற ஜெர்மானியர் 1916இல் அங்கே தொடங்கிய கோகல் நிறுவனத்தின் கோனி சாசேஜ்தான் வேண்டும். அதன் இயற்கைத் தோல் கல்லில் வெந்ததும் இறுகி, கடிக்கும்போது ‘டப்’ என்று உடையும். மேலே மெத்தென்ற உலர் சாஸ், கீழே உடையும் தோல். இந்த முரண்தான் ஃபிளின்ட் கோனியின் உயிர். டெட்ராய்டிலும் தோலுள்ள சாசேஜ்தான் போடுகிறார்கள், ஆனால் அதன் சத்தம் குழம்பில் அமுங்கிவிடுகிறது.

ஃபிளின்ட் சாஸ் என்று சொல்லி, பழைய சாசேஜையே அரைத்துப் போடும் ஒரு செய்முறை இணையத்தில் உலவுகிறது. ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். நீங்களும் அதை விட்டுவிடுங்கள்.

சாஸில் மாட்டு இதயம் சேர்ப்பார்களாமே, உண்மையா?

உண்மை. ஃபிளின்ட், ஜாக்சன் பாணிகளுக்கு அதுதான் அடிப்படை. அதில் அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை, நம் ஊரில் ஆட்டு ஈரலும் இதயமும் வாங்கி வறுக்காத வீடா? இதயம் கொழுப்பில்லாத, இறுக்கமான தசை. அரைத்தால் பிசுபிசுக்காமல் மணிமணியாக நிற்கும். விலையும் குறைவு. கறிக்கடையில் சொல்லி இரண்டு முறை அரைத்து வாங்க வேண்டும். ஒரு முறை அரைத்தால் ரப்பர் போல் கடிபடும்.

சின்சினாட்டி சில்லியில் பட்டை, கிராம்பு போடுகிறார்களா?

போடுகிறார்கள். ஓஹையோ மாநிலத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கும் சின்சினாட்டி தனிக் கிளை. 1922இல் கிராஜீஃப் சகோதரர்கள் எம்ப்ரஸ் என்ற நாடகக் கொட்டகையை ஒட்டிக் கடை போட்டு, கொட்டகைப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். அவர்கள் ஊர் இன்றைய வடக்கு கிரேக்கத்தில் இருக்கிறது. 1949இல் நிக்கோலஸ் லாம்ப்ரினிடிஸ் ஸ்கைலைன் கடையைத் தொடங்கினார். 1965இல் ஜோர்டானிலிருந்து வந்த தாவூத் சகோதரர்களின் கோல்ட் ஸ்டார் வந்தது. இன்று அந்த ஊரில் தெருவுக்குத் தெரு சில்லி கடைதான்.

பட்டை, கிராம்பு, ஆல்ஸ்பைஸ், சீரகம், கொஞ்சம் வினிகர். வீட்டுச் செய்முறைகளில் ஒரு சிட்டிகை கோகோவும் சேரும். கதவைத் திறந்ததும் வரும் வாசனையில் நம்மவர்களுக்குப் பிரியாணி ஞாபகம் வந்து, பெரிய எதிர்பார்ப்போடு உட்கார்ந்துவிடுவார்கள். அந்த எதிர்பார்ப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள். இங்கே கறியை வறுப்பதே இல்லை. பச்சையாகத் தண்ணீரில் கரைத்து மணிக்கணக்கில் கொதிக்கவிடுகிறார்கள். விரலளவு சாசேஜ், அதன் கீழே மஸ்டர்ட், மேலே சில்லி, வெங்காயம், அதற்கும் மேல் நூல் நூலாகத் துருவிய செடார் சீஸ் ஒரு மலை. பெயர் சீஸ் கோனி. அதே சில்லியை ஸ்பகெட்டி மேல் ஊற்றிச் சீஸ் தூவினால் ‘த்ரீ வே’. ஸ்பகெட்டியைச் சுருட்டாமல், முள்கரண்டியின் ஓரத்தால் வெட்டித்தான் சாப்பிட வேண்டும். சுருட்டினால் வெளியூர் என்று தெரிந்துவிடும்.

வேறு எந்த ஊர்களில் இந்த மாதிரி உண்டு?

நிறைய. ஒன்றாவது தன் ஊர்ப் பெயரைச் சொல்லாது என்பதுதான் வேடிக்கை. நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லை அருகே பிளாட்ஸ்பர்க் என்ற ஊரில் இதற்குப் பெயர் ‘மிச்சிகன்’. மிச்சிகனில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அங்கே ‘புதைத்து’ என்று கேட்டால் வெங்காயத்தைச் சாஸுக்கு மேலே போடாமல் அடியில் வைத்துத் தருவார்கள். எல்லையைத் தாண்டி மான்ட்ரியல் வரை அதே பெயரில் இந்த ஹாட் டாக் பரவியிருக்கிறது.

நியூ ஜெர்சியின் பேட்டர்சனில் ‘டெக்சாஸ் வீனர்’. வீனர் என்றால் சாசேஜ்தான். சாசேஜை எண்ணெயில் பொரித்து, மஸ்டர்ட், வெங்காயம், சாஸ் போடுவார்கள். 1920களிலிருந்து நடக்கிறது. டெக்சாஸில் போய்க் கேட்டால் விழிப்பார்கள்.

ரோட் ஐலண்டில் ‘நியூயார்க் சிஸ்டம்’. பிராவிடன்ஸ் நகரின் ஓல்னிவில் பகுதியில் இருக்கும் கடையில் நின்று பார்க்க வேண்டும். ஆள் இடது கையை நீட்டி, உள்ளங்கையிலிருந்து முழங்கை தாண்டிப் பன்களை வரிசையாக அடுக்கி, வலது கையால் வீனர், மஸ்டர்ட், சாஸ், வெங்காயம் என்று ஒரே ஓட்டத்தில் போட்டுக்கொண்டு போவார். கடைசியில் செலரி உப்பு ஒரு தூவல். அந்தச் செலரி உப்பு இல்லாவிட்டால் அது ரோட் ஐலண்ட் இல்லை. கூட ஒரு கிளாஸ் காபி மில்க், அதாவது காபி சிரப் கலந்த குளிர்ந்த பால். 1993இலிருந்து அதுதான் மாநிலத்தின் அதிகாரப்பூர்வ பானம். ஃபில்டர் காபிக்காரர்கள் அதை ஒரு முறையாவது குடித்துப் பார்க்கலாம். இரண்டாம் முறைக்கு நான் பொறுப்பில்லை.

வாஷிங்டனின் யூ தெருவில் டிரினிடாடிலிருந்து வந்த பென் அலியும் மனைவி வர்ஜினியாவும் 1958இல் திறந்த பென்ஸ் சில்லி பவுல் இன்னொரு பெரிய பெயர். கிரேக்கக் கோனிக்கும் அதற்கும் நேர் உறவு இல்லை. சாசேஜும் வேறு, ஹாஃப் ஸ்மோக் என்ற தடித்த, புகையூட்டிய வகை. ஆனால் சில்லி ஹாட் டாக் என்று பேச்செடுத்தால் அதை விட முடியாது.

வீட்டில் டெட்ராய்ட் பாணி சாஸ் செய்வது எப்படி?

பன்னிரண்டு கோனிக்குத் தாராளமாக வரும் அளவு இது:

மாட்டுக் கொத்துக்கறி அரை கிலோ (20 சதவீதம் கொழுப்புள்ளது), தண்ணீர் முக்கால் லிட்டர், பெரிய வெங்காயம் 1, பூண்டு 3 பல், அமெரிக்க மிளகாய்த்தூள் கலவை 2 டேபிள்ஸ்பூன், பாப்ரிகா 1 டேபிள்ஸ்பூன், சீரகத்தூள் 2 டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், தக்காளி பேஸ்ட் 1 டேபிள்ஸ்பூன், உப்பு ஒன்றரை டீஸ்பூன், உப்பு பிஸ்கட் 8.

அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே பாதி வேலை முடிந்துவிடும். கனமான பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, கறியைப் பச்சையாகவே அதில் போட்டு, கையை விட்டுக் கரையுங்கள். கேழ்வரகுக் கூழுக்கு மாவு கரைக்கிற அதே வேலை: விரலிடுக்கில் ஒரு கட்டி கூட அகப்படக் கூடாது. தண்ணீர் இளஞ்சிவப்பாகி, கறி தூள் தூளாக மிதக்க வேண்டும். நம் வழக்கப்படி எண்ணெயில் வெங்காயம் வதக்கிக் கறியைக் கொட்டினால், சூடு பட்ட உடனே கறியின் புரதம் இறுகி உருண்டை பிடித்துக்கொள்ளும். பிறகு கரண்டியால் எவ்வளவு குத்தினாலும் கோனி சாஸின் மணல் பதம் வராது. நம்மவர்கள் செய்யும் கோனி சாஸ் கொத்துக்கறி பிரட்டல் மாதிரி ஆகிவிடுவதற்கு இதுதான் காரணம்.

இப்போது மிதமான தீ. கொதி வரும் வரை கிளறிக்கொண்டே இருங்கள், இந்தப் பத்து நிமிடம் போனைத் தூர வையுங்கள். சாம்பல் நிற நுரை எழும்பும், அதை எடுத்துவிடலாம். வெங்காயத்தையும் பூண்டையும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் துருவிச் சேருங்கள். மசாலா, தக்காளி பேஸ்ட், உப்பு எல்லாம் போட்டு, தீயைச் சிம்மில் வைத்து, மூடியை லேசாகத் திறந்தபடி ஒன்றரை மணி நேரம் விட்டுவிடுங்கள். அவ்வப்போது அடியைத் துழாவினால் போதும்.

கடைசிப் பதினைந்து நிமிடத்தில் உப்பு பிஸ்கட்டை நன்றாகப் பொடித்துத் தூவுங்கள். மீதமிருக்கும் தண்ணீரை அது குடித்துக்கொள்ளும். ஒரு கரண்டி சாஸைத் தட்டில் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் தண்ணீர் பிரிந்து ஓடினால் இன்னும் கொஞ்சம் சுண்ட வேண்டும். மெதுவாக நகர்ந்தால் பதம் சரி.

சாப்பிடும் நாளுக்கு முந்தைய இரவே செய்து ஃபிரிட்ஜில் வைப்பது உத்தமம். மறுநாள் மேலே செக்கச் சிவந்த கொழுப்பு ஆடையாகப் படிந்திருக்கும். பாதியை வழித்து எறியுங்கள், பாதியை விட்டுவிடுங்கள். மசாலாவின் நிறமும் மணமும் அந்தக் கொழுப்பில்தான் இறங்கியிருக்கிறது.

நம் மிளகாய்த்தூளையே போட்டால் என்ன?

அதே இரண்டு டேபிள்ஸ்பூன் போட்டால் யாராலும் சாப்பிட முடியாது. அமெரிக்கக் கடையில் மிளகாய்த்தூள் என்று விற்பது வெறும் மிளகாய் இல்லை. காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், ஓரிகானோ, பூண்டுத்தூள், சிலவற்றில் உப்பும் கலந்தது. அது கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாய்த்தூள் 1 டேபிள்ஸ்பூன், சீரகத்தூள் ஒன்றரை டீஸ்பூன், ஓரிகானோ 1 டீஸ்பூன், பூண்டுத்தூள் 1 டீஸ்பூன் கலந்துகொள்ளுங்கள். பீட்சாவோடு வரும் ஓரிகானோ பொட்டலம் கூடப் போதும், அதில் உப்பு இருந்தால் மட்டும் பார்த்துப் போடுங்கள்.

இஞ்சி, கறிவேப்பிலை, கரம் மசாலா? போட்டால் ருசியாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குக் கோனி என்று பெயர் வைக்காதீர்கள்.

எந்த சாசேஜ் வாங்குவது? எப்படி வேகவைப்பது?

லேபிளில் ‘இயற்கைத் தோல்’ என்று இருக்கிறதா பாருங்கள். அது பெரும்பாலும் ஆட்டுக் குடல் தோல். தோலில்லாத சாதா சாசேஜில் ருசி வரும், அந்த உடையும் சத்தம் வராது.

கடைகளில் பாக்கெட்டில் வருபவை பெரும்பாலும் ஏற்கெனவே வெந்தவை. நாம் செய்ய வேண்டியது சூடாக்கித் தோலை இறுக்குவது மட்டும். தோசைக்கல் இதற்கு அற்புதமான கருவி. சிறு தீயில், துளி எண்ணெய் தடவி, பத்துப் பன்னிரண்டு நிமிடம் அவ்வப்போது உருட்டிவிடுங்கள். தோல் பளபளத்து, அங்கங்கே பொன்னிறக் கோடு விழும். தீயைக் கூட்டினால் வெடித்து, உள்ளே இருக்கும் சாறெல்லாம் கல்லுக்குப் போய்விடும். கத்தியால் கீறுவதும் அதே நஷ்டம்தான்.

பன்?

சாதாரண வெள்ளை ஹாட் டாக் பன். இட்லிப் பாத்திரத்தில் ஒரு நிமிடம், அவ்வளவே. தண்ணீர் சொட்டாமல் இருக்கத் தட்டின் மேல் ஒரு துணி. கோதுமை பன், வெண்ணெய் தடவி முறுகலாக்கிய பிரியோஷ் எல்லாம் இதற்கு அதிகப்படி.

கெச்சப் போடலாமா?

குழந்தைகளுக்கு மட்டும்.

மாட்டுக்கறி சாப்பிட மாட்டோம். நாங்கள் என்ன செய்வது?

வீட்டில் வழி இருக்கிறது, கடையில்தான் கவனம் வேண்டும்.

வீட்டில் என்றால் வான்கோழிக் கொத்துக்கறி நன்றாகவே வரும். கொழுப்பு குறைவு என்பதால் இரண்டு ஸ்பூன் எண்ணெய் சேர்க்க வேண்டும். ஆட்டுக்கறியில் செய்தால் வாசனை தூக்கலாக இருக்கும், கிரேக்கக் கிராமத்து மூலத்துக்கு அதுவே பக்கம் என்றுகூட வாதாடலாம். கோழி எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை, சுண்டச் சுண்ட நார் நாராகிவிடுகிறது.

ஹலால் பார்ப்பவர்களுக்கு டெட்ராய்ட் வட்டாரம் வசதியான இடம். அரபு மக்கள் அதிகம் வாழும் டியர்பர்னில் ஹலால் கோனி கடைகளே உண்டு. மற்ற இடங்களில் சாசேஜில் பன்றிக்கறி கலந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளின்ட்காரர்கள் உயிரை விடும் கோகல் சாசேஜும் பன்றியும் மாடும் கலந்ததுதான்.

சைவர்களுக்கு: பொடித்த மீல் மேக்கர் ஒரு கப், மிகப் பொடியாக நறுக்கிய காளான் 300 கிராம், கைப்பிடி வால்நட். காளானை முதலில் எண்ணெயில் தண்ணீர் வற்றும் வரை வதக்கி, ஊறிய மீல் மேக்கரைப் பிழிந்து சேர்த்து, மேலே சொன்ன அதே மசாலா, ஒன்றரை கப் தண்ணீர், ஒரு ஸ்பூன் சோயா சாஸ். அரை மணி நேரம் போதும். இந்த சாஸ் இயல்பாகவே உலர்ந்து நிற்பதால் ஃபிளின்ட் பாணிக்கு நன்றாகப் பொருந்துகிறது.

கடையில் சைவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் சூப். பெரும்பாலான கோனி கடைகளில் எலுமிச்சை போட்ட சாதச் சூப் ஒன்று இருக்கும். பார்க்க ரசம் சாதம் மாதிரி சாதுவாக இருக்கும், ஆனால் கோழிச் சாறும் முட்டையும் சேர்ந்தது. சில்லி ஃப்ரைஸில் இருப்பதும் பீன்ஸ் இல்லை, கறி. உருளைக்கிழங்கு வறுக்கும் எண்ணெயில் கோழியும் பொரித்திருப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். பீட்ரூட் துண்டும் ஃபெட்டா சீஸும் போட்ட கிரேக்க சாலட், கீரை வைத்துச் சுட்ட பேஸ்ட்ரி, சீஸ் சாண்ட்விச் இவற்றோடு சமாளித்துக்கொள்ளலாம். முட்டை சாப்பிடுகிறவர்களுக்குக் காலை ஆறு மணிக்கும் நள்ளிரவிலும் ஆம்லெட் கிடைக்கும். இங்கே கோனி ஐலண்ட் என்பது ஹாட் டாக் கடை என்ற நிலையைத் தாண்டி, நம் ஊர் டிபன் கடையின் இடத்துக்கு வந்து ரொம்ப நாளாகிறது.

கையால் சாப்பிடுவதா, முள்கரண்டியா?

ஃபிளின்ட் என்றால் கை. டெட்ராய்ட் என்றால் முதல் பாதி கை, பன் சரிந்த பிறகு முள்கரண்டி, யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். வெள்ளைச் சட்டையோடு போகாதீர்கள்.

கூட என்ன குடிப்பது?

டெட்ராய்ட் மருந்துக்கடைக்காரர் ஜேம்ஸ் வெர்னர் 1866இல் விற்கத் தொடங்கிய இஞ்சி சோடா இன்றும் இருக்கிறது. மூக்கில் ஏறும் உறைப்பு அதற்கு, சாஸின் கொழுப்பை நன்றாக வெட்டும். இஞ்சி மரப்பா பிடித்தவர்களுக்கு இது உடனே பிடிக்கும். குழந்தைகள் ஃபேகோவின் சிவப்பு சோடாவைத்தான் கேட்பார்கள். அதுவும் இதே ஊர்ச் சரக்கு, 1907இல் தொடங்கியது.

பிறந்தநாள், ஃபுட்பால் கூட்டம் என்று முப்பது பேருக்குச் செய்ய முடியுமா?

கோனியைவிட லேசான விருந்து கிடையாது. ஆளுக்கு இரண்டு கணக்கில், மேலே சொன்ன சாஸ் அளவை ஐந்து மடங்காக்கி முந்தைய நாளே செய்துவிடுங்கள். தண்ணீரை மட்டும் ஐந்து மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஊற்ற வேண்டும். பெரிய பாத்திரத்தில் அவ்வளவு சீக்கிரம் சுண்டாது. மறுநாள் அடுப்பில் நன்றாகக் கொதிக்கவைத்து, பிறகு ஸ்லோ குக்கரில் மாற்றி ‘வார்ம்’ நிலையில் வையுங்கள். சாஸ் 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆறிய சாஸை நேரடியாக ஸ்லோ குக்கரில் போட்டுச் சூடேற்ற வேண்டாம். அது சூடாவதற்குள் கிருமிக்கு நேரம் கிடைத்துவிடும்.

வெங்காயத்தை மட்டும் கடைசி நேரத்தில் நறுக்குங்கள். காலையிலேயே நறுக்கி வைத்தால் மதியத்துக்குள் கசந்துவிடும்.

மீந்த சாஸை என்ன செய்யலாம்?

ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள், ஃப்ரீசரில் மூன்று மாதம் தாங்கும். சின்னச் சின்னப் பைகளில் தட்டையாக அமுக்கி உறையவைத்தால் வேண்டும்போது உடைத்து எடுக்கலாம். உருளைக்கிழங்கு வறுவல் மேல் ஊற்றிச் சீஸ் தூவினால் சில்லி ஃப்ரைஸ். ஆம்லெட்டுக்குள் மடிக்கலாம். தோசைக்கல்லில் ஊத்தப்பம் ஊற்றி, மேலே இதை இரண்டு ஸ்பூன் பரப்பி, பச்சை வெங்காயம் தூவித் திருப்பிப் போட்டால் வீட்டில் ஒருவரும் மிச்சம் வைக்க மாட்டார்கள். அதற்குக் கோனியிலிருந்து மஸ்டர்டை மட்டும் கூட்டிக்கொண்டு வராதீர்கள்.